இரண்டு தாமிரம்

மே 6, 2024, கோவில்பட்டி

"பாக்காமலே ரெண்டு இருக்குன்னு எப்படிட்டி சொல்லுத?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். ஆராய்ச்சிக்காக நான் செய்த நீல உப்பைப் பற்றி. அதன் மூலக்கூறில் இரண்டு தாமிர அணுக்கள் அருகருகே இருப்பதாக ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். ஊகம்தான். ஜன்னல் கம்பியை அதன் நிழலை வைத்து எண்ணுவதுபோல, படிகத்தில் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி அணுக்களின் இடத்தைக் காட்டும் கருவி நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கல்லூரிக்கு வரவில்லை.

இன்று செண்பகராஜ் போன் செய்தார். என்னோடு வேலை பார்த்தவர். இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

"மேடம், மெஷின் வந்துட்டு! கதவு நிலையப் பேத்துத்தான் உள்ள இறக்குனோம். உங்க படிகத்தக் கொண்டாங்க, மொதல்ல அதப் பாத்துருவோம்."

போனை வைத்தபின் சொல்வதற்கு வீட்டில் ஆளில்லை. வீட்டுக்காரர் காலமானபின் எல்லாச் செய்தியும் இப்படித்தான், வந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

மே 8

மாடியறையில் வளர்த்ததில் நல்ல படிகமாக ஒன்றை எடுத்து, ஈரத்தை ஒற்றி, பஞ்சில் வைத்து டப்பியில் மூடினேன். நகைக்கடைப் பொட்டலம் மாதிரி இருந்தது.

மே 9

ஐயோ, என்ன செய்துவிட்டேன்! பஸ்ஸில் டப்பியை மடியிலேயே வைத்திருந்தேன். சரியான அனல். அங்கே திறந்தால் நீலமே இல்லை. வெளுத்த மாவு.

"வெயில்ல காஞ்ச வடகம் மாதிரில்லா ஆயிட்டு!" என்றாள் ஆராய்ச்சி மாணவி மாரிசெல்வி. சிரித்தேன். நீல மயில்துத்தத்தைச் சூடாக்கினால் தண்ணீர் போய் வெளுக்கும் என்று வருஷாவருஷம் வகுப்பில் செய்துகாட்டியவள் நான். எனக்கே தோணலியே!

மே 10

மாவை மறுபடி கரைத்து, படிகம் வளர வைத்தேன்.

ஜூன் 20

இந்த முறை காயாதபடி, படிகத்தை அது வளர்ந்த கரைசலோடு கொண்டுபோனேன். கருவி சாயங்காலம் வரை ஓடியது. படம் வந்ததும் செண்பகராஜ் திரையை என் பக்கம் திருப்பினார். நானே பார்த்துவிட்டேன்.

ஒரு தாமிரம்தான். இரண்டு பக்கமும் தண்ணீர். நான் எழுதியது தப்பு.

"கட்டுரையில அதச் சொல்லித்தான் ஆகணும் மேடம். உங்க பேரப் போடவா, வேண்டாமா?"

"போடுங்க. தப்பும் என்னோடதுதான, படிகமும் என்னோடதுதான."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்து இருக்கை ஊர் வரை காலி.

ஜூன் 21

கட்டுரைக்கு என் பங்கை எழுதத் தொடங்கினேன். படிகம் வளர்க்கும் முறை மட்டும். யாராவது இந்த டைரியைப் படித்தால், என் உப்பு வேண்டாம், கடைப் படிகாரத்திலேயே படிகம் வளரும்: ஒரு தம்ளர் வெந்நீரில் கரையுமட்டும் படிகாரம் போட்டு, துணியால் மூடி, சில நாள் அசைக்காமல் வைத்துப் பாருங்கள்.