பதினேழாவது கேள்வி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். தொம்மலூர் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசல். பத்து நிமிடம் தாமதம். யாரும் கேட்கவில்லை.

பிளட் பேங்க் இருப்பு: ஓ பாசிட்டிவ் போதும். ஏ பாசிட்டிவ் சுமார். பி நெகட்டிவ் ஒரே பை. ஃப்ரிட்ஜ் வெப்பம் சரி. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் பெரிய சென்ட்ரிஃபியூஜ் மறுபடி சத்தம் போடுகிறது. ஆள் வரச் சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை ஓர் ஐடி கம்பெனியில் கேம்ப். பேனர், கட்டில் ஆறு, ஜூஸ், பிஸ்கட், பஞ்சு. வேனுக்குக் கூட வேலை பார்க்கும் மஞ்சுநாத்திடம் சொல்ல வேண்டும். கேம்பில் முதல் ஆளாக எங்கள் ஊழியர் ஒருவர் படுத்து ரத்தம் கொடுப்பது வழக்கம், மற்றவர்களுக்குப் பயம் தெளிய. ஐந்து வருடமாக அந்த ஊழியர் நான்தான்.

மதியம் டாக்டர் மேடம் கூப்பிட்டார். எங்கள் மெடிக்கல் ஆஃபீசர். மைசூர்க்காரர், வேலையில் கறார், கெட்ட மனுஷி இல்லை. டோனர் ஃபார்மைத் தமிழில் எழுதித் தர வேண்டுமாம். ஸ்ரீராம்புரம் பக்கத்திலிருந்து வருகிற தமிழர்கள் கன்னடத்தையும் இங்கிலீஷையும் பார்த்துத் திணறுகிறார்கள். வியாழனுக்குள் வேண்டும்.

யாரோ என்றோ எழுதிய தமிழ்ப் பிரதி ஒன்று அலமாரியில் கிடைத்தது. எழுத்துப்பிழை நிறைய. பதினேழாவது கேள்வியில் ஒரு அசிங்கமான சொல். ஆம்பூரில் எட்டாம் வகுப்பில் என் பெஞ்சில் காம்பஸால் கீறி வைத்திருந்த சொல் அது.

புதிதாக எழுதியது: "நீங்கள் திருநங்கையா? அல்லது ஆணுடன் உறவு கொள்ளும் ஆணா?" ஆம் என்றால் ரத்தம் கொடுப்பதிலிருந்து நிரந்தர விலக்கு. எத்தனை பேருடன், பாதுகாப்போடா இல்லையா, எதுவும் கேட்பதில்லை. யார் என்று மட்டும்.

வீட்டுக்கு வந்து அரவிந்திடம் சொன்னேன். எட்டு வருடமாக ஒரே வீடு. வீட்டு ஓனருக்கு நாங்கள் மாமன் மகன், அத்தை மகன். அவன் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்:

"நீ அதுல என்னன்னு டிக் அடிப்ப?"

"இல்லைன்னு."

"எத்தன தடவ?"

பதினொன்று. தேங்காய்ச் சட்னியில் உப்பு அதிகம்.


ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ஒன்பதரைக்கு நாலாவது மாடி பிரசவ வார்டிலிருந்து போன். பவானி, இருபத்து நான்கு வயது, பெண் குழந்தை, ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ், மூன்று பை. இருந்த ஒன்றை அனுப்பினோம். மற்ற பிளட் பேங்குகளுக்கு மஞ்சுநாத் வரிசையாகப் போன் போட்டார்.

பவானியின் கணவர் தனசேகர் கீழே வந்தார். குப்பை ஆட்டோ ஓட்டுகிறார், ஸ்ரீராம்புரம். வேலை உடுப்போடேயே வந்திருந்தார். கூட ஒரு திருநங்கை. நாற்பது வயது இருக்கும், காட்டன் புடவை, கையில் டிபன் பை. இவருக்கு பி நெகட்டிவ் என்றார் தனசேகர். உறவு என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரிஞ்சவங்க என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "கூடப் பொறந்தது. பேரு மல்லிகா."

பத்து வருடம் பேசவில்லையாம். காலையில் டாக்டர் பி நெகட்டிவ் என்றதும் தனசேகருக்கு அக்காவின் ரத்த வகை நினைவுக்கு வந்திருக்கிறது. மல்லிகா பீன்யாவில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சமைக்கிறார். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். செக்யூரிட்டி உள்ளே வந்து, இங்கே கை நீட்டக் கூடாது, வெளியே போ என்று கன்னடத்தில், ஒருமையில் சொன்னார். ரத்தம் கொடுக்க வந்தவர் என்றேன். போய்விட்டார். மன்னிப்பு இல்லை.

மல்லிகா கன்னடம் பேசுவார், படிக்க வராது. என் தமிழ் வரைவையே எடுத்துப் படித்துக் காட்டினேன். காய்ச்சல், மஞ்சள்காமாலை, பச்சை குத்தியது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பதினேழுக்கு வந்ததும் நிறுத்தினேன். அவரே காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது நீங்க எழுதுனதா சார்?"

"ஆமா."

"மரியாதையா எழுதியிருக்கீங்க."

கேலி இல்லை. அப்படியே சொன்னார். அதற்குப் பிறகு எனக்குத்தான் பேனா ஓடவில்லை.

டாக்டர் மேடத்திடம் போய்க் கேட்டேன். எமர்ஜென்சி, அரிய வகை, எப்படியும் எல்லா டெஸ்டும் செய்யத்தானே போகிறோம். ரூல் நான் போட்டதில்லை என்றார். ஆடிட்டில் மாட்டினால் லைசென்ஸ் போய்விடும் என்றார். அதுவும் நிஜம்தான். நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் பாஷை என்றார்.

சொன்னேன். மல்லிகா சத்தம் போடவில்லை. தனசேகர்தான் என் மேசையைத் தட்டினார். மேலே என் பொண்டாட்டி கிடக்குறா, நீங்க ஃபார்ம் பாக்குறீங்களா என்று. மல்லிகா அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். பத்து வருடத்தில் முதல் தடவையாகத் தொட்டிருப்பார்.

அதே நேரம் மூன்றாவது கட்டிலில் வேறொரு நோயாளிக்காக ஒருவர் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். திருமணமானவர். மோதிரம். ஊர் ஊராகப் போகும் சேல்ஸ் வேலை. ஃபார்மை ஊசி குத்துவதற்குள் முடித்துவிட்டார், எல்லாவற்றுக்கும் ஒரே நேர்க்கோடாக 'இல்லை' என்று டிக். படித்தாரா தெரியாது. யாரும் கேட்கவில்லை.

மல்லிகா கேட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து போன் போட ஆரம்பித்தார். கேன்டீன், பழைய ரூம்மேட், ஆட்டோ ஸ்டாண்ட், கோயில் கமிட்டி. பன்னிரண்டு மணிக்கு வேறொரு பிளட் பேங்கிலிருந்து ஒரு பை வந்தது. ஒன்றரைக்கு அவர் தேடிப் பிடித்த ஆட்டோக்காரர் வந்தார். முஸ்லிம், சிவாஜி நகர், பி நெகட்டிவ். நல்ல நரம்பு. ஐந்தரைக்குப் பரிசோதனை முடிந்து மூன்றாவது பையும் மேலே போனது.

ஆறு மணிக்கு வார்டு நர்ஸ்: ரத்தப்போக்கு நின்றுவிட்டது.

டிபன் பை கவுன்டரிலேயே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். எலுமிச்சை சாதம். பாதியை எனக்கு வைத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.


ஜூலை 9, புதன்

மேகமூட்டம். சென்ட்ரிஃபியூஜ் ஆள் வரவில்லை.

பவானி தேறிவிட்டார். தனசேகர் மைசூர்பாக்கு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். டாக்டர் மேடத்துக்கு இரண்டு.

மல்லிகா இன்றும் கீழேதான். மேலே கணவரைத் தவிர, பெண் துணைக்கு மட்டும் பாஸ். பாஸ் கொடுக்கிறவர் ஆதார் கார்டைப் பார்த்தாராம். கார்டில் பெண் என்றுதான் இருக்கிறது. கார்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதினோரு மணிக்குப் பவானியின் அம்மா இறங்கி வந்தார். நான் ரத்த மாதிரிக் குழாய்கள் வாங்க அந்தப் பக்கம் போனபோது காதில் விழுந்தது. குழந்தையைக் கீழே கொண்டு வருகிறோம், தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போ, உங்க ஆளுங்க வாக்கு பலிக்கும் என்றார். ரத்தத்துக்கு ஆகாத கை என்று அவருக்குத் தெரியுமா, தெரியவில்லை.

மல்லிகா சொன்னது: "ஆசீர்வாதம் பண்ண வரலம்மா. நான் அத்தை. பாக்க வந்தேன்."

அந்த அம்மாள் லிஃப்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு என்ன தோன்றியதென்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. என் மேல் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஐடி கார்டு. வாங்கக்கா என்று கூப்பிட்டேன். நாலாவது மாடிக் காவலாளி யார் என்று கேட்டார். குழந்தையின் அத்தை என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

பவானி விழித்திருந்தார். வாங்கண்ணி என்றார். கணவனின் அக்காவை வேறு எப்படிக் கூப்பிடுவார். தனசேகர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மல்லிகா குழந்தையைத் தூக்கவில்லை. காலை மட்டும் தொட்டுப் பார்த்தார். மூக்கு எங்க அம்மாவோடது என்றார். நாலு நிமிடம் இருந்திருப்போம்.

இறங்கும்போது என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.


ஜூலை 10, வியாழன்

மறுபடி தூறல். குடை எடுக்கவில்லை.

வார்டு இன்சார்ஜ் புகார். பாஸ் இல்லாத ஆளை உள்ளே விட்டது. வாய்மொழி எச்சரிக்கை. சரி என்றேன்.

தமிழ் ஃபார்மைக் கொடுத்தேன். டாக்டர் மேடத்துக்குத் தமிழ் படிக்க வராது. அட்மினில் இருக்கும் தமிழர் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் பதினேழில் சிரித்து, திருநங்கை என்றெல்லாம் எழுதினால் நம் ஜனத்துக்குப் புரியாது, பழைய சொல்லையே போடுங்கள், அதுதான் உறைக்கும் என்றார். மாற்ற மாட்டேன் என்றேன். மேடம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அப்படியே பிரின்ட் எடுங்கள் என்றார்.

நூறு பிரதி. ஜெராக்ஸ் மெஷின் சூடாகி இரண்டு தடவை நின்றது. என் கேள்வி நூறு முறை.


ஜூலை 11, வெள்ளி

வெயில். கேம்ப். ஏழாவது மாடி, கண்ணாடிச் சுவர், ஏசி அதிகம். வெளியே வரிசையாக நின்றவர்கள் நாற்பது பேருக்கு மேல். எச்ஆர் பெண் கையில் கேமராவோடு. வழக்கப்படி முதலில் நான்.

ஃபார்மை எடுத்தேன். தமிழ்ப் பிரதி. பதினாறு வரை இல்லை, இல்லை. பதினேழில் ஆம் என்று டிக் அடித்தேன். முடிவெடுத்துப் போகவில்லை. காலையில் ஷேவ் செய்யும்போதுகூட அப்படி எண்ணம் இல்லை. அந்தக் கட்டத்தின் மேல் பேனா நின்றபோது, இன்னொரு தடவை இல்லை என்று எழுத முடியவில்லை. அவ்வளவுதான்.

தமிழ் படிக்க வராவிட்டாலும் டாக்டர் மேடத்துக்குக் கேள்வி எண்கள் போதும். தவறி டிக் விழுந்திருக்கிறது, அடித்துத் திருத்துங்கள் என்றார்.

"தவறி விழல மேடம். அது சரிதான்."

கன்னடத்தில்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஃபார்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இவருக்கு இன்று பிரஷர் அதிகம் என்று எச்ஆர் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மஞ்சுநாத்தைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். ரிஜிஸ்டர் எழுதுவது என் வேலை. என் பெயர், வயது, பக்கத்தில் நிரந்தர விலக்கு. கையெழுத்து ஒழுங்காகவே இருந்தது.

மஞ்சுநாத்துக்கு ஊசி போட்டதும் நான்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊசிக்கா, எனக்கா தெரியாது. மாலை வரை முப்பத்தாறு பை.

திரும்பும்போது வேனில் அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் பின்னால் என்னோடுதான்.


ஜூலை 12, சனி

காலையிலேயே டாக்டர் மேடம் அறை. கதவைச் சாத்தினார். பழைய ரிஜிஸ்டர்கள் மேசைமேல். பதினோரு தடவை கொடுத்திருக்கிறீர்கள், பதினோரு பொய், என் கையெழுத்து ஒவ்வொன்றிலும் இருக்கிறது என்றார். கோபத்தைவிடப் பயம்தான் அவர் குரலில்.

அவர் சொன்னது தவறில்லை. பொய்தான். பதினோரு பையும் பரிசோதனையில் சுத்தமாக வந்து யார் யாருக்கோ போனதும் அதே ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது. எட்டு வருடமாக ஒரே ஆளோடு இருக்கிறேன் என்றேன். அதை எழுத ஃபார்மில் இடம் இல்லை என்றார். பிறகு, உட்காருங்கள் என்றார். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தேன்.

முடிவு: எழுத்தில் விளக்கம், திங்களுக்குள். அதுவரை டோனர் பக்கம் போகக் கூடாது.

மதியம் மஞ்சுநாத்துக்கு வயிறு சரியில்லையாம். தனியாகச் சாப்பிட்டேன். பவானி டிஸ்சார்ஜ்.


ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தது. கேஸ் புக் செய்தது. அம்மாவிடம் போனில் பேசியது: மூட்டு வலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம், எனக்கு ஒரு வரன். பிறகு பேசலாம் என்றேன்.

விளக்கக் கடிதம் நாலு வரைவு. நீளமானவற்றில் கெஞ்சுவது போல இருந்தது. அரவிந்த் படித்துவிட்டு மூன்றைக் கிழித்தான். மிஞ்சியதில் ஐந்து வரி. பொய் சொன்னேன், ஏன் சொன்னேன், இனிச் சொல்ல மாட்டேன், கேள்வியை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

வேலை போனால் என்று ஆரம்பித்தேன். போனா பாப்போம் என்றான். சாயங்காலம் இருவரும் அல்சூர் ஏரிவரை நடந்தோம். கூட்டம். மக்காச்சோளம்.


ஜூலை 14, திங்கள்

மழை. கடிதம் கொடுத்தாயிற்று. அட்மின் ஆள், நீங்களாகவே ராஜினாமா செய்தால் சர்ட்டிஃபிகேட் நன்றாகத் தருவோம் என்றார். செய்ய மாட்டேன் என்றேன். அப்படியானால் மறு உத்தரவு வரை ஸ்டோரில். பேஸ்மென்ட். காலி ரத்தப் பைகளின் பெட்டிகள், கையுறைப் பெட்டிகள், ஒரு டியூப் லைட். டாக்டர் மேடம் என் கடிதத்தின் கடைசி வரியை அடிக்கோடிட்டு மேலே அனுப்பியிருக்கிறார் என்று மஞ்சுநாத் வந்து சொன்னார். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு மல்லிகா போன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்களாம், ஸ்ரீராம்புரத்தில். தனசேகரே கூப்பிட்டிருக்கிறார். ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு மேல், சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு வரச் சொல்லி. போகட்டுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். ஸ்டோருக்கு மாற்றிய கதையைச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். இந்த ஆஸ்பத்திரியில் நானாக வாய்விட்டுச் சொன்ன இரண்டாவது தடவை.

அந்தப் பக்கம் கேன்டீன் பாத்திரச் சத்தம். பிறகு கேட்டார்:

"வீட்டுல ஆள் இருக்காங்களா தம்பி?"

"இருக்கார். அரவிந்த்."

"அவரையும் கூட்டிட்டு வா. மூணு பேரா போவோம்."

"ஏழு மணிக்காக்கா?"

"ஏழு மணிக்கு யாரு இருப்பா? காலையில பதினோரு மணிக்குப் போவோம். பந்தி போடுற நேரம்."