ஹஸாவில் வேலை செய்கிறது

ஜூலை 28, ஞாயிறு

இன்றைய மின்சாரக் கார் சார்ஜர் பட்டியலை ஏழரைக்கே குரூப்பில் போட்டுவிட்டேன். கத்ரானாவில் இரண்டு சார்ஜரும் ஓடுகின்றன. ஹஸா தாண்டியுள்ள ஓய்விடத்தில் ஒன்று. மஆனில் ஒன்று சரி, ஒன்று பழுது. குவைராவில் மெதுவானது மட்டும். அங்கே சார்ஜ் போடுகிறவர்கள் டீ குடித்து, தூங்கி எழுந்து, மறுபடியும் டீ குடிக்கலாம்.

நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் கூட்டம் இல்லை. ஒருவர் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அகபா போகிற ஒருவரின் அழைப்பு. எதிர்க்காற்று அடிக்கிறது, எழுபதுக்கு மேல் போகாதீர்கள், பேட்டரி தாங்காது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்ததும் கன்னக்காரர் கேட்டார்: "நீங்க வரவேற்பா, போக்குவரத்து போலீசா?"

நான் என்ன என்று எனக்கே தெரியவில்லை. குரூப்பில் நாலாயிரம் பேர். அம்மானிலிருந்து அகபாவுக்கு முந்நூற்று முப்பது கிலோமீட்டர், எங்களிடம் இருப்பதெல்லாம் எவனோ ஓட்டித் தள்ளிய பழைய மின்சாரக் கார்கள். ஒரே மூச்சில் ஒன்றும் போய்ச்சேராது. எங்கே நிறுத்த, எது ஓடுகிறது, வரிசையில் எத்தனை கார்? என்னைக் கேட்கிறார்கள். நான் ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன்.

மதியம் மேசையில் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் நானும் அந்தச் சாலையில் போய்வந்தேன். விமான நிலையம் தாண்டியதும் மரங்கள் குறைகின்றன. இடப்பக்கமிருந்து காற்று. கத்ரானாவில் நிறுத்துகிறேன், இறங்கி நடக்கிறேன், மணல் செருப்புக்குள் வருகிறது. பிறகு பாஸ்பேட் லாரிகள், வெள்ளைத் தூசி, வானமும் நிலமும் ஒரே நிறம். அந்த நிறத்துக்குள் கார் சத்தமே இல்லாமல் மிதக்கிறது. ஹஸா வரை போவேன். அதற்கப்புறம் யாராவது பல்வலியோடு கதவைத் திறந்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஸர்வத் அண்ணி மாடியிலிருந்து கீரை ஆய எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். நான் ஒரு கையில் கீரை, ஒரு கையில் போன்.

"ஊருக்கெல்லாம் வழி சொல்றே. உன் காரு காய்கறிச் சந்தையத் தாண்டினதுண்டா?" என்றார்.

"மருத்துவமனை வரைக்கும் போகுதே அண்ணி."

"அது பக்கத்துத் தெருடி."

சிரித்தோம். அதோடு நிறுத்திக்கொண்டோம். அந்தச் சாலையில் ஏன் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுஃப்யான் என் கணவர், அவருக்குத் தம்பி. ஒன்பது வருஷத்துக்கு முன் அகபாவுக்குப் போனவர், ஹஸா தாண்டி ஓர் ஊரருகே எதிரே வந்த லாரி மோதி இறந்தார். அந்த ஊரின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. என் பட்டியலில் அங்கே சார்ஜர் கிடையாது. அது எனக்கு வசதி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாற்பத்து மூன்று டிகிரி. ஏசி போட்டால் எத்தனை கிலோமீட்டர் குறையும் என்று நாள் முழுக்க இதே கேள்வி.

ஆகஸ்ட் 7, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பதினொரு மணிக்கு முஃதஸிம் என்றொருவர் கத்ரானாவிலிருந்து கூப்பிட்டார். மஆன்காரர். மனைவிக்கு ஏழு மாதம், அம்மானில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம். கத்ரானாவில் முன்னால் ஐந்து கார். வெயிலில் நிற்க மனைவியால் முடியவில்லை. "ஹஸா பக்கத்துல இருக்கிறது ஓடுதா அக்கா?"

ஓடுது, போங்க என்றேன்.

காலையில் அந்த ஓய்விடத்துக்கு இரண்டு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. திங்கட்கிழமை யாரோ ஓடுகிறது என்று எழுதியிருந்தார்கள். அதை அப்படியே பட்டியலில் போட்டேன். ஏன் போட்டேன்? எடுக்கவில்லை என்று எழுதியிருக்கலாமே. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கலாமே.

பன்னிரண்டு மணிக்கு முன் மறுபடியும் அவர். ஓய்விடம் பூட்டிக் கிடக்கிறது. சார்ஜரின் திரை கறுப்பு. பதினாறு சதவீதம். நிழல் என்று ஒன்றுமில்லை. திரும்பி கத்ரானாவுக்கு வர முடியாது. முன்னால் முப்பது கிலோமீட்டரில் ஒரு சோதனைச் சாவடி உண்டு, குரூப்பில் படித்திருக்கிறேன். ஏசியை நிறுத்துங்க, கண்ணாடிய இறக்குங்க, அறுபதுல போங்க என்றேன். போனை வைக்கவில்லை. அவர் பேட்டரி எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு. ஒன்பது. பின்னால் அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார் அவர். ஆறு. பிறகு ஓர் ஊர்ப் பலகையைப் படித்தார். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத அந்தப் பெயரை.

சாவடிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது கார் நின்றுவிட்டது. அவள் முனகுவது கேட்டது. அப்புறம் லாரி ஹாரன், ரொம்பப் பக்கத்துல, ரொம்பப் பெருசா. லைன் போயிடுச்சு.

நாற்பது நிமிஷம். மேசைக்கு அடியில உக்காந்திருந்தேன். டாக்டர் வந்து என்னைத் தூக்கினார்.

ஹாரன் அடித்த லாரிக்காரரே அவர்களை ஏற்றி மஆன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாராம். செய்தி இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பட்டியல் போடவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். முஃதஸிம் எழுதியதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. 'குழந்தைக்காக துஆ செய்யுங்கள்' என்று மட்டும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தெரியாத எண். எடுத்தால் முஃதஸிமின் மனைவி ஷுரூக். மெல்லிய குரல், அவசரமில்லாமல் பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க இந்த ரோட்டுல வந்திருக்கீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"இந்தக் கார் வாங்கினப்புறம் ஒரு தடவகூட இல்ல."

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அந்த எடத்துல ஒரு மரம்கூட கெடையாது அக்கா. அத நீங்க பாத்திருந்தா எங்கள அங்க போங்கன்னு சொல்லியிருக்க மாட்டீங்க."

வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் எதைத் தள்ள முடியும்? பிறர் கண்ணால் பார்த்து, பிறர் வாயால் கேட்டு, ஒரு சாலையை நானே மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன். என் சாலையில் நிழல் இருந்தது. வெயில் யாரையும் சுடவில்லை. அந்தச் சாலையில்தான் அவளை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மஆனுக்குப் போகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். தனியாகப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் மாடிக்குப் போனார். கால்மணி நேரம் கழித்து இறங்கி வந்து, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும், ரொட்டிக்குள் லப்னே தயிர் வைக்கவா முட்டை வைக்கவா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி — மஆன்

உடம்பு ஓடிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது. படுக்கை கீழே நகர்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். கத்ரானாவில் நாற்பது நிமிஷம் சார்ஜ், எண்பத்தைந்து வரை. அங்கே மணல் செருப்புக்குள் வரவில்லை. தரை முழுக்கத் தார். நான் இத்தனை நாள் நடந்தது எங்கே?

ஹஸா ஓய்விடத்தில் நிறுத்தினேன். ஷுரூக் சொன்னது சரி. ஒரு தகரக் கூரை, அதுவும் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். சார்ஜர் இன்று ஓடுகிறது. திரையில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. நான்கு குழந்தைகளோடு ஒரு குடும்பம் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தது. காவல்காரர் அன்றைக்கு அக்கா மகன் சாவுக்குப் போயிருந்தாராம், கரண்டும் இல்லையாம். தண்ணீர்ப் பானையாவது வெளியே வைத்துவிட்டுப் போங்களேன் என்றேன். வைக்கிறேன் என்றார். காத்திருக்காமல் கிளம்பினோம். ஐம்பத்தொன்பது சதவீதம், இன்னும் எழுபது கிலோமீட்டர். போய்விடலாம், ஆனால் மேட்டுப்பாதை, எதிர்க்காற்று.

ஏசியை நிறுத்தினேன். அண்ணி போட்டார். நிறுத்தினேன். வெந்து சாகவா கூட்டிவந்தே என்றார். பேட்டரி செத்தால் இரண்டு பேரும்தான் சாக வேண்டும் என்றேன். அப்படியானால் எண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ரோட்டைப் பார் என்று சொல்லி, தஸ்பீஹ் மணி உருட்டுகிற மாதிரி ஆரம்பித்தார். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து மூன்று. ஐம்பத்திரண்டு. லாரியின் பின்னால் போனால் காற்று குறையும் என்று நான் ஒரு லாரியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் சத்தமும் போய், டயர் சத்தம் மட்டும். இருபுறமும் நிலம் வெளுத்து, விளிம்பே இல்லாமல் கிடந்தது. தூக்கத்துக்குள் ஓட்டுவதுபோல, ஆனால் கண் விழித்தபடி. நேரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. லாரி ஒரு கிளைப் பாதையில் இறங்கிவிட்டது. மஆன் முப்பத்தெட்டு கிலோமீட்டர் என்று ஒரு பலகை வந்தது.

அண்ணி எண்ணுவதை நிறுத்தினார்.

"ருதைனா, ஜுர்ஃப் எங்கே?"

ஒன்பது வருஷத்தில் எங்கள் வாயிலிருந்து முதல்முறை அந்த ஊர்ப் பெயர்.

"தாண்டிட்டோம் அண்ணி."

"எப்போ?"

"நீங்க ஐம்பத்தி ரெண்டு, ஐம்பத்தி ஒண்ணுன்னு சொல்லிட்டிருந்தீங்களே, அப்போ."

ஓரமாக நிறுத்தினேன். எந்த வளைவு, எந்தக் கல் என்று இத்தனை வருஷம் பயந்திருந்தேன். பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்றுதான் நினைத்தேன். நாங்கள் பார்க்கவேயில்லை. எல்லா இடத்தையும்போல அதுவும் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கிறது.

அண்ணி முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பிப் போயிப் பாக்கலாமா? சுஃப்யான் கோவிச்சுக்குவான்."

"போனா மஆன் போய்ச் சேர சார்ஜ் இருக்காது."

அவர் எண்ணைப் பார்த்தார். நாற்பது. நானும் பார்த்தேன். வண்டிகள் எங்களை உலுக்கிக்கொண்டு கடந்தன.

"அப்ப போ," என்றார். "அவனுக்கும் வழியில நிக்கிறது பிடிக்காது."

கொஞ்ச தூரம் போனதும் ரொட்டியைப் பிய்த்து என் வாயில் வைத்தார். முட்டைதான் வைத்திருந்தார். பதினெட்டு சதவீதத்தில் மஆன் வந்து சேர்ந்தோம்.

ஆகஸ்ட் 17, சனி

ஷுரூக் நீலப் போர்வையோடு ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். நான் பெயர் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். மன்னிப்புக் கேட்க நான் வழியெல்லாம் வார்த்தை கோத்து வைத்திருந்தேன். என் தப்பு, போன் எடுக்காத இடத்தை ஓடுகிறது என்று எழுதினேன் என்று மட்டும் சொன்னேன்.

"எந்த ரோட்டுல வந்தீங்க?" என்றாள்.

"அதே ரோட்டுல."

பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை இருந்த அறையின் கண்ணாடிவரை நடந்தாள். நானும் அண்ணியும் பின்னால். உள்ளே, உள்ளங்கை அளவு முதுகு ஏறி இறங்கியது. அண்ணி ஓய்வு பெற்ற நர்ஸ். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மூச்சு நல்லாத்தான் இருக்கு, நிறமும் வந்திருக்கு என்றார். ஷுரூக் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையைப் பிடிக்கவில்லை. அதுவும் சரிதான்.

இன்னும் பெயர் வைக்கவில்லையாம். வெளியே வரட்டும் என்றிருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நடந்ததை அப்படியே குரூப்பில் எழுதினேன், என் பெயரோடு. இனிமேல் அன்றைக்குக் கண்ணால் பார்த்தவர் சொன்னது மட்டும்தான் பட்டியலில் வரும், யாரும் பார்க்காத இடத்துக்கு நேராக 'தெரியாது' என்று இருக்கும் என்றேன். இருநூறு பேர் விலகிவிட்டார்கள். இன்றைய பட்டியலில் ஐந்து இடம், மூன்று 'தெரியாது'.

செப்டம்பர் 11, புதன்

குழந்தை இப்போது இரண்டு கிலோ நூறு கிராம். வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்தத் தடவை எழுதியவள் ஷுரூக்.

அக்டோபர் 4, வெள்ளி

அண்ணியோடு ஜுர்ஃப் போய்வந்தோம். இருவரும் இறங்கி சுஃப்யானுக்காக ஃபாத்திஹா ஓதினோம். காற்று பலமாக இருந்தது. ஹஸாவில் பானை வைத்திருக்கிறார்கள், மூடியோடு.

நவம்பர் 15, வெள்ளி — அகபா

முதல்முறையாகக் கடைசிவரை வந்தோம். ராஸ் நகபில் மேடு முடிந்ததும் நிலம் அப்படியே கீழே விழுகிறது. அதுவரை குறைந்துகொண்டே வந்த பேட்டரி எண், இறக்கத்தில் ஏற ஆரம்பித்தது. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்திரண்டு. சக்கரம் உருள்வதே மின்சாரமாகி, இறங்க இறங்க நிறைகிறது. அண்ணி நம்பவில்லை. கார் பொய் சொல்கிறது என்றார். சிவந்த மலைகள் இருபுறமும் மெல்ல எழுந்து நின்றன. வெயில் இளகி, பொன்னாகிவிட்டது. நான் காலை எதன்மேலும் அழுத்தவில்லை. கார் தன்பாட்டுக்குப் போனது.

என் போன் அண்ணி மடியில் சத்தம் போட்டது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்துக் காட்டினார். குரூப்பில் யாரோ மஆன் ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறார். நான் பார்ப்பதற்கு முன்பே பதில் வந்திருக்கிறது, ஷுரூக்கிடமிருந்து:

"மஆன்ல ரெண்டுமே ஓடுது. இப்பதான் நேர்ல போயிப் பாத்தேன். பாப்பா ஹதீலும் கூட வந்தா."

"நீ ஏதாச்சும் எழுதணுமா?" என்றார் அண்ணி.

வேண்டாம், ஜன்னலைத் திறங்க என்றேன். திறந்தார். கடல் இன்னும் தெரியவில்லை, வாசனை மட்டும் வந்தது.