ஆளுக்கு ஒரு வெர்ப்

ஜனவரி 27

பசுவந்தனை பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டே வந்தேன். பள்ளிக்குள் கால் வைத்ததும் ஹெச்.எம். ஜெபதுரை சார் கூப்பிட்டார். அடுத்த மாதம் ஆய்வுக்கு ஒரு அதிகாரி அம்மா வருகிறாராம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தைத்தான் பார்ப்பாராம். "அவிய நல்லா எழுதுனாத்தான் உங்க வேலைக்கு அப்ரூவல் வரும், அஞ்சலின் டீச்சர்."

ஏழு வருஷமாக அந்த அப்ரூவல் ஃபைல் ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றுகிறது. என்னைவிட அதிக ஊர் பார்த்திருக்கும்.

ஜனவரி 29

வெர்ப்களை வகை பிரித்து நடத்தினேன். ஸ்லீப் என்றால் ஆள் தூங்கினால் போதும், வாக்கியம் முடிந்தது. பை என்றால் என்னத்தை வாங்கினான் என்று சொல்லணும். பிகம் என்றால் என்னவாக ஆனான்? கிவ் என்றால் யாருக்கு, என்னத்தை, ரெண்டும் வேணும். பிள்ளைகள் மெதுவாகத்தான் பிடித்தார்கள். ஆனால் பிடித்தார்கள். "எங்க அப்பா ஸ்லீப் டீச்சர், ஒண்ணுமே கேக்காது" என்றாள் சுடலைச்செல்வி. வகுப்பே உருண்டு சிரித்தது. ஜன்னலில் நின்ற ஹெச்.எம். மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 30

சாருக்கு ஞானம் பிறந்துவிட்டது. "எல்லா வெர்ப்பையும் எல்லாரும் எதுக்குப் படிக்கணும்? முப்பத்தாறு பிள்ளைக, முப்பத்தாறு வெர்ப். ஆளுக்கு ஒண்ணு. அவிய எதைக் கேக்காவளோ, அந்தப் பிள்ள எந்திச்சுச் சொல்லட்டும்."

இது என்ன சத்துணவு முட்டையா, ஆளுக்கு ஒண்ணு வைக்க? கேட்டேனா? கேட்கவில்லை. "சரி சார்" என்றேன். எனக்குத்தான் சூடு சொரணை இருக்கா?

பிப்ரவரி 3

பங்கீடு முடிந்தது. மாரிச்செல்விக்கு கிவ். முத்துமணிக்கு ஸ்லீப். சாயங்காலத்துக்குள் பிள்ளைகளுக்குச் சொந்தப் பேர் மறந்துவிட்டது. "ஏலே ஸ்லீப், என் பேனாவக் குடுல." "ஏட்டி பிகம், தண்ணி குடிக்க வாரியா?"

பிப்ரவரி 7

ஒத்திகை. பிரமாதம்! கிளி ஜோசியக்காரன் பார்த்தால் தொழிலை விட்டிருப்பான்.

பிப்ரவரி 13

ஐயோ. ஐயோ.

விளாத்திகுளம் பக்கம் மிளகாய்ப்பழம் பறிக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டோடு கிளம்பிவிட்டார்கள், பிள்ளைகளும் சேர்ந்து. வகுப்பில் பதினொரு பேர் இல்லை. வருஷா வருஷம் நடக்கிறதுதான். கரிசக்காட்டுல பொறந்து வளர்ந்த ரெண்டு பேரு, சாருக்கும் தோணல, எனக்கும் தோணல. பதினொரு வெர்ப் மிளகாக் காட்டுக்குப் போயிட்டு. இன்றைக்கென்று பார்த்து அந்த அம்மாவும் வந்து நிற்கிறார்!

முதலில் ஸ்லீப் கேட்டார். முத்துமணி கணீரென்று சொன்னான். சார் முகமெல்லாம் பல். அடுத்து கிவ். யாரும் எழவில்லை. "நீயே சொல்லேன் தம்பி" என்றார் அந்த அம்மா முத்துமணியிடம்.

"கிவ் இன்னைக்கு லீவு மேடம். மிளகா பறிக்கப் போயிருக்கு."

"அப்போ மேக்?"

"அது கிவ்வோட சித்தப்பா மவ மேடம். ஒண்ணாத்தான் போச்சு."

அந்த அம்மா சிரிக்கக்கூட இல்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். ஏழு வருஷம்... போச்சே!

பிப்ரவரி 17

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஜெபதுரை சார் பதிலைத் தயாராக அடித்தே வைத்திருந்தார். மேலே, 'ஒரு மாணவர், ஒரு வினைச்சொல்' என்று தலைப்பு வேறு. கீழே, "இம்முறை முழுக்க முழுக்க ஆங்கில ஆசிரியை அஞ்சலின் அவர்களின் சொந்தச் சிந்தனையில் உதித்ததாகும்."

"நான் ரிட்டயர் ஆக ரெண்டு வருசந்தான் கெடக்கு டீச்சர். கையெழுத்தப் போட்டுருங்க. உங்க ஃபைல மறுபடி மேல அனுப்புதேன்."

போடாவிட்டால் அனுப்ப மாட்டார். படுபாவி மனுசன்! போட்டேன்.

பிப்ரவரி 18

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 12

மேலிடத்தில் யாரோ தலைப்பை மட்டும் படித்திருக்கிறார்கள். புதுமையான கற்பித்தல் முறையாம்! ஓட்டப்பிடாரத்தில் நாற்பது ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கணுமாம்!

சார் மூச்சு வாங்க ஓடி வந்தார். "யோசனை என்னோடதுதான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க டீச்சர்."

"எப்படி சார்? முழுக்க முழுக்க என் சிந்தனைன்னு நீங்கதான அடிச்சீங்க."

மத்தியானம் ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 24

அப்ரூவல் ஆர்டர் வந்துவிட்டது. வீட்டில் அம்மா அழுதே விட்டாள். ஸ்டாஃப் ரூமுக்கு லட்டு வாங்கிப் போனேன். சாரும் ஒன்று எடுத்துக்கொண்டார், முகத்தைப் பார்க்காமல்.

மாரிச்செல்வி இன்றுதான் காட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள். எரிகிற விரல்களை ஊதிக்கொண்டே மேசைக்கு வந்தாள்.

"அவிய கிவ்வக் கேட்டாவளாமே டீச்சர்? நான் நல்லாப் படிச்சு வச்சிருந்தேன்."

"தெரியும்ட்டி."

"ரெண்டு மாசமா அது ஒண்ணையே வச்சிருக்கேன். வேற ஒண்ணு தருவீங்களா?"

"நாளைக்கு எல்லாத்தையும் எல்லாருக்கும் நடத்துதேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

நாளைக்குத்தான் ஓட்டப்பிடாரத்தில் பயிற்சி.