கிழிச்சு ஒட்டின சீட்டு

மஞ்சு மோளே,

அம்மாவும் நானும் முனிசிபாலிட்டி வேலைக்குக் கிளம்பிட்டோம். புட்டும் பழமும் மூடி வெச்சிருக்கு, தின்னுட்டுப் போ. சாவியை அடுத்த வீட்டுச் சேச்சிகிட்ட குடு.

ஸ்கூல்ல தந்த சீட்டை நான் கிழிச்சுப் போட்டேன்ல, அந்தத் துண்டெல்லாம் உன் கணக்குப் புத்தகத்துக்குள்ள இருந்ததை நேத்து பார்த்தேன். சாயாக்கடையில வேலை பார்க்குற விபினை வாசிக்கச் சொன்னேன். கண் டெஸ்ட் சீட்டுதான். உனக்கு போர்டுல எழுதுறது தெரியலையாம், கண்ணாடி போடணுமாம். அன்னைக்கு நீயும் இதையேதான் அழுது அழுது சொன்னே. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. சிவப்பு மையில கோடு போட்டிருந்துச்சு. டீச்சர் உன்மேல குத்தம் எழுதியிருக்காங்கன்னு நினைச்சு அடிச்சுட்டேன்.

சோத்துப் பசை வெச்சு ஒட்டி, கையெழுத்துப் போட்டு, உன் பையில வெச்சிருக்கேன். சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போவோம். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வெட்கமா இருக்கு, அதான் நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே போறேன்.

அப்பா

பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வருவேன். உன்னை முன் பெஞ்சுல உட்கார வைக்கச் சொல்லணும். கன்னம் வீங்கினதுக்கு, படியில விழுந்தேன்னு டீச்சர்கிட்ட சொன்னியாமே, அம்மா சொன்னா. நீ விழலை, நான்தான் அடிச்சேன்னு அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்.