சுனிதாவைக் கேட்காமல் போட்ட சண்டை

இன்று காலை சேரப்பணஞ்சேரியில் ஒரு நேபாளக் குடும்பம் புதிதாகப் பிடித்த வாடகை வீட்டில் பால் காய்ச்சியது. பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த பாலின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து, அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். புகை என்று சொல்லிச் சமாளித்தேன். கேஸ் அடுப்பில் ஏது புகை?

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு நம் உதவிக் குழு வீடு பிடித்துத் தரும்போதெல்லாம் நீ இதைத்தான் செய்வாய். வீட்டுக்காரம்மாவையே கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொல்வாய். "அவங்க கையால பத்த வச்சா, அப்புறம் தொரத்த மனசு வராதுடி" என்பாய். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கிண்டல் செய்வேன்: "இன்னாடி, ஒரு பால் பாக்கெட்ல உரிமைய வாங்கிடுவியா?"

மண்ணூரில் சுனிதாவுக்கும் அப்படித்தான் பால் காய்ச்சவைத்தாய். அவள் கணவன் நம் கம்பெனி கேன்டீனில் சமையல்காரன், இடுப்பில் கைக்குழந்தை. ஆனாலும் அந்த வீட்டுக்காரம்மா, தெருவில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் நேபாளத்துக்காரி வாசல் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றுவிட்டார். "ரெண்டு வாரம் குடு. நான் பேசிக்கினு இருக்கேன், எறங்கி வருவாங்க" என்றாய். எனக்கு வந்ததே கோபம்! குழாயடியில் சுனிதா குடத்தோடு காத்து நிற்பதை வீடியோ எடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். பஞ்சாயத்து அதிகாரி வந்தார். வீட்டுக்காரம்மா மன்னிப்புக் கேட்டார். நான் தலைகால் புரியாமல் ஆடினேன்.

அடுத்த வாரமே, "பையனுக்குக் கல்யாணம், வூடு வேணும்" என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். வீடியோவைப் பார்த்திருந்த தெருவில் வேறு யாரும் வீடு தரவில்லை. சுனிதா குடும்பத்தோடு ஊருக்கே கிளம்பிவிட்டாள்.

வண்டி போனதும் நீ கேட்டாய்: "வீடியோல சுனிதா மூஞ்சியும் தெரிஞ்சுது. போடட்டுமான்னு அவளக் கேட்டியா?"

நான் விடுவேனா? "ரெண்டு வாரம் பொறுத்துக்கிறியான்னு நீ கேட்டியாடி?"

நீ விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாய். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

அதன் பிறகு பஸ்ஸில் நீ முன்னால், நான் பின்னால். யார் முதலில் பேசுவது என்ற வீம்பு. மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ படுத்தபோதும் நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே இருந்தேன். அதற்குள் உன் உயிரே போய்விட்டது. பாவி நான்.

இப்போது யார் வந்தாலும், "நாங்க இன்னா செய்யணும்?" என்று முதலில் கேட்கிறேன். போன மாதம் ஒருவர் புகார் எழுதித் தரச் சொன்னார், எழுதினேன். இன்று வந்தவர்கள், சத்தமே வேண்டாம், கூட வந்து நின்றால் போதும் என்றார்கள், போய் நின்றேன். கேட்ட பிறகும் எது சரி என்று தெரியாத நாட்கள் இருக்கின்றன. நம் குழுவில் எல்லோரும் "அக்கா சொன்னா சரிதான்" என்று தலையாட்டுகிறார்கள். நீ செய்வது தப்புடி என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்ல ஒருத்தி இல்லை. எதைச் செய்தாலும் பயமாக இருக்கிறதடி.