கொட்வினுக்குப் பிறகு யார்?

28 மே 2006, ஞாயிறு

ஒருவழியாக இறங்கியாயிற்று. கடைசிக்கு முந்திய பிரிவில் இருந்த எங்கள் எசன் நகரத்து இளங்கதிர் உதைபந்தாட்டக் கழகம் இன்று நாலுக்கு ஒன்று என்று தோற்றுக் கடைசிப் பிரிவுக்குப் போய்விட்டது. இனி எவ்வளவு தோற்றாலும் கீழே இறங்க இடமில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

என் வீட்டுக்காரர் கொட்வின்தான் ஆறு வருடமாக இதன் பயிற்சியாளர். வந்தவர் சப்பாத்தை பல்கனியில் கழற்றி வைத்தார். பெடியங்களின் சேறு பிடித்த ஜேர்சிகளை வழக்கம்போல என் மெஷினுக்குள் திணித்தார். "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்குக் கவலையா? பொய் சொல்லக்கூடாது, இல்லை. கழகம் இறங்கினால் பயிற்சியாளரை மாற்றிவிடுவார்கள், இந்தக் கண்டறியாத பந்து தின்ற ஞாயிற்றுக்கிழமைகள் இனி எங்களுக்குத் திரும்பி வரும். ஆனால் மனிதர் இப்படி வாயடைத்துப் போயிருப்பதைப் பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

4 ஜூன், ஞாயிறு

ரசிகர்கள் வந்தார்கள். இளங்கதிருக்கு நிரந்தர ரசிகர்கள் மூன்று பேர். மழையோ பனியோ, கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதற்கு மட்டும் தவறாமல் வருபவர்கள். இன்று என் வரவேற்பறைக்குள் வந்து கத்தினார்கள். தலைப்பு: அடுத்த ட்ரெய்னர் யார்?

கொட்வின் அங்கேதான் நிற்கிறார். தேத்தண்ணித் தட்டோடு. செத்த வீட்டில்கூட உடலை எடுக்கும் வரைக்கும் காணிப் பிரச்சினை கதைக்க மாட்டார்கள்.

தவராசா அண்ணை பல்கனியில் இரண்டு டிஷ் பூட்டி உலகத்துப் பந்தெல்லாம் பார்ப்பவர். தன் காலால் ஒரு பந்தை உதைத்ததை எவரும் கண்டதில்லை. "நவீன ஆட்டம் தெரிஞ்ச ஆள் வேணும்" என்றார். அந்த ஆள் யார் என்று சொல்லவில்லை, தன் நெஞ்சை மட்டும் தடவிக்கொண்டார்.

அரியரத்தினம் அண்ணை யாழ்ப்பாணத்தில் விளையாடியவர். அங்கே தான் அடித்த ஒரு கோலைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். நாங்கள் ஜெர்மனிக்கு வந்த புதிதில் அதைக் கோல் வாசலில் நின்று அடித்தார். இப்போது நடு மைதானத்திலிருந்து அடிக்கிறார். இன்னும் கொஞ்ச நாளில் வீட்டிலிருந்தே அடித்துவிடுவார்.

மூன்றாவது ஆனந்தராசா, இருவருக்கும் இளையவன். "வெள்ளைக்காரனைப் போடுவம். அவன் சொன்னாத்தான் எங்கட பெடியள் கேப்பாங்கள்" என்றான். எந்த வெள்ளைக்காரன் என்று கேட்டால், அவன் குடியிருக்கும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவனாம். பந்து தெரியுமா என்று கேட்டேன். "ஜெர்மன்காரன்தானே அக்கா!"

கொண்டுவந்து வைத்த ரோல்ஸ் எல்லாம் முடிந்தது. ஆறு வருடம் ஓடித் திரிந்த மனிதருக்கு ஒரு நன்றி வரவில்லை.

11 ஜூன்

உலகக்கிண்ணம் தொடங்கிவிட்டது. ஊரெல்லாம் கார் ஜன்னலில் கொடி. கொட்வின் பார்க்கவில்லை. டிவி இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

5 ஜூலை

நேற்று ஜெர்மனி தோற்றது. இன்று மூவரும் ஆஜர். ஜெர்மன் பயிற்சியாளர் விட்ட பிழைகளை என் மேசையில் திருத்தினார்கள். உப்புப் போத்தலும் கோப்பைகளும் பதினொரு பேராக நின்றன. தவராசா அண்ணை என் சீனிப் பேணியை இடது பக்கம் ஓடவிட்டார். அது ஓடி விழுந்தது. கூட்டி அள்ளியது நான்.

ஜெர்மனியின் விவகாரம் தீர்ந்ததும் இளங்கதிருக்கு வந்தார்கள். தீரவில்லை.

கொட்வின் பல்கனியிலிருந்து கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். கேட்டால் "ம்". மகள் சாண்ட்ராவிடம் சொன்னேன். "அப்பாவுக்கு டொக்டரிட்ட நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுங்கோ அம்மா, இது மனச்சோர்வு" என்கிறாள். ஒரு பந்துக்காகவா? எனக்குக் கோபம் வருகிறது. பயமும் வருகிறது. இந்த மனுசனுக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிறது?

23 ஜூலை, ஞாயிறு

வாக்கெடுப்பு வைத்தார்களாம். தவராசா அண்ணை தவராசாவுக்குப் போட்டார். அரியரத்தினம் அண்ணை அரியரத்தினத்துக்குப் போட்டார். ஆனந்தராசா அந்தக் கிழவனுக்குப் போட்டான். பெடியங்கள் ஆள் ஆளுக்குப் பிரிந்து நின்றார்கள். மறுபடி போட்டார்கள், மறுபடி அதே.

கடைசியில் அரியரத்தினம் அண்ணைக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. "திருவுளச்சீட்டுப் போடுவம்." ஊரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் திருநாள் பொறுப்பு யாருக்கு என்று அடிபட்டால் பெயர்களை எழுதிச் சுருட்டிச் சுரூபத்தின் முன்னால் குலுக்கி எடுப்பார்கள். ஒன்று வெறுஞ்சீட்டாக இருக்கும். அது வந்தால் கடவுளுக்குச் சம்மதமில்லை. வந்ததை யாரும் மறுக்க ஏலாது.

ஆனந்தராசா சைவம். "எங்கட பக்கம் பூக்கட்டிப் பாக்கிறது" என்று நின்றானாம். பூவா சீட்டா என்று அதற்கும் ஒரு மணித்தியாலம் சண்டை. ஆகஸ்டில் கேவலார் மாதா கோயிலுக்கு எல்லாத் தமிழரும் போவோம்தானே, சைவமும் எங்கள் கத்தோலிக்க வேதமும். அங்கேயே சீட்டு என்று முடிவு.

கடைசிப் பிரிவுக் கழகத்துக்கு ட்ரெய்னர் தேட மாதாவைக் கூப்பிடுகிறார்கள். நான் மாதாவாக இருந்தால் அன்றைக்கு லீவு எடுத்திருப்பேன்.

12 ஆகஸ்ட், சனி — கேவலார்

எழுதித்தான் ஆறவேண்டும்.

பூசை முடிந்து, சனத்துக்குள் நெரிபட்டு, பஸ்ஸும் காரும் நிற்கும் இடத்துக்கு வந்தோம். ஆனந்தராசா மாதா படம் ஒன்றைக் கார் மூடியில் சாய்த்து வைத்தான். அரியரத்தினம் அண்ணை சீட்டுகளைச் சுருட்டிச் சோற்றுச் சட்டிக்குள் போட்டார். யார் எடுப்பது? ஒருவர் கையில் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. "தங்கச்சி எடுக்கட்டும், அவவுக்குப் பந்தும் தெரியாது பட்சமும் இல்லை" என்றார் தவராசா அண்ணை.

எடுத்தேன். விரித்தேன். வெறுஞ்சீட்டு.

உடனே தொடங்கினார்கள். கழகத்தை மூடச் சொல்லுறா மாதா என்றார் ஒருவர். இல்லை, பூக்கட்டச் சொல்லுறா என்றான் ஆனந்தராசா. திரும்பக் குலுக்குவம் என்றார் தவராசா அண்ணை. கொட்வின் தள்ளி நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குறுகிப் போயிருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. வாய் திறந்துவிட்டது.

"மாதாவுக்கு வேற வேலை இல்லையே? ஆறு வருசம் மழைக்குள்ள நிண்டவர் இந்த மனுசன். சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு பெடியனுக்கும் ஃபோன் அடிச்சு, வராதவனை வீட்ட போய் எழுப்பிக்கொண்டு வந்தவர். நீங்கள் என்ன செய்தனீங்கள்? கோட்டுக்கு வெளியில நிண்டு நாய் மாதிரிக் குலைச்சனீங்கள்! ஒரு நன்றி சொன்னனீங்களே?"

பக்கத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அரியரத்தினம் அண்ணையின் கண் கலங்கிவிட்டது. வந்து கொட்வினின் கையைப் பிடித்தார். "தங்கச்சி சொல்லுறது சரி. மாதா வெறுஞ்சீட்டுத் தந்தது இதுக்குத்தான். ஆளை மாத்த வேண்டாம் எண்டு சொல்லுறா." மற்ற இருவரும் ஓம் ஓம் என்றார்கள். மாதா படத்துக்கு முன்னாலேயே கொட்வினைத் திரும்பவும் ட்ரெய்னர் ஆக்கினார்கள். கைதட்டல் வேறு.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை.

13 ஆகஸ்ட், ஞாயிறு

விளங்கிவிட்டது.

காலைச் சாப்பாட்டில் வாய் திறந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முழு வசனம்.

"ஏன் பிளோறன்ஸ் அப்பிடிச் செய்தனீர்?"

"உங்களுக்காகத்தான். நீங்கள் உடைஞ்சு போய் இருந்தீங்கள்."

"உடையேல்லை. எனக்கு விடுதலை கிடைச்சது. வாயைத் திறந்தாச் சிரிச்சுப்போடுவன், கண்டா ஆக்கள் என்ன நினைப்பினம் எண்டு பேசாமல் இருந்தனான். வெறுஞ்சீட்டு வரேக்க எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேணும் போல இருந்தது. பிறகு நீர் தொடங்கினீர்."

நான் கடித்த பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். மற்றவர்களை விசர் பிடித்த கூட்டம் என்று நினைத்தேனே. எல்லாரிலும் பெரிய விசரி வீட்டுக்குள் இருக்கிறாள்.

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்" என்றேன். "மாதாவுக்கு முன்னால குடுத்ததை எப்பிடி மறுக்கிறது?" என்றார். அவர் மாதா பக்தியில் ஊறிய மன்னார்க்காரர். மறுக்க மாட்டார். அவர்களாகத்தான் அவரைக் கலைத்து அனுப்ப வேண்டும்.

27 ஆகஸ்ட்

முதல் ஆட்டம். ஆறு–பூச்சியம். நித்திரைக் கலக்கத்தோடு போனார், நனைந்து வந்தார்.

17 செப்டெம்பர்

திரும்பவும் தோல்வி. மாதாவின் தெரிவு என்று மூவரும் பொறுமையாக இருக்கிறார்களாம். இருந்திருந்து இப்போதுதான் இவர்களுக்குப் பொறுமை வரவேண்டுமா?

8 ஒக்டோபர், ஞாயிறு

நான் கெடுத்த வேலையை நான்தான் திருத்த வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. மூவருக்கும் பக்கத்தில் நின்றேன். இடைவேளை வரைக்கும் பொறுத்தேன்.

பிறகு சொன்னேன்: "அண்ணை, உந்த நெட்டையனை ஏன் இவர் பின்னுக்கு விடுறார்? அவனுக்குத் திரும்பவே அரை நாள் வேணும்."

தவராசா அண்ணை என்னை ஒரு புதுப் பொருளைப் போலப் பார்த்தார். "தங்கச்சி, அதைத்தான் நானும்..."

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. மாதா கொஞ்ச நாளைக்குத்தான் சொல்லியிருப்பா என்று நான் ஒரு விளக்கமும் கொடுத்தேன். மாதா மன்னிக்கட்டும்.

29 ஒக்டோபர்

நாலு ஞாயிறாக மைதானத்துக்குப் போகிறேன். மாற்று ஆட்டக்காரனைப் பிந்தி இறக்குகிறார் என்றேன். கத்தத் தெரியாதவர் என்றேன். இப்போது அதையெல்லாம் அவர்கள் என்னிடமே சொல்கிறார்கள், தாங்கள் கண்டுபிடித்தது போல. இன்று ஆனந்தராசா, "அக்கா, குறை நினைக்காதேங்கோ, கொட்வின் அண்ணைக்குப் பந்தைப் பற்றி ஒண்டும் தெரியாது" என்றான். நான் விதைத்ததுதான். ஆனாலும் நெஞ்சு பற்றி எரிந்தது. உனக்கு என்னடா தெரியும் என்று குடையால் ஒன்று போட்டிருப்பேன். "ஓம் தம்பி" என்று சொன்னேன்.

5 நவம்பர், ஞாயிறு

வந்து சொன்னார்கள். மூவரும் செத்த வீட்டு முகத்தோடு. மற்ற இருவரும் விட்டுக்கொடுத்து, தவராசா அண்ணை இனிப் பொறுப்பெடுக்கிறாராம். கொட்வின் எழுந்து எல்லாருடைய கையையும் பிடித்தார். "உங்களுக்கு எல்லாம் நன்மையா வரட்டும்" என்றார். இப்படி ஒரு பெருந்தன்மையா என்று அரியரத்தினம் அண்ணை மூக்கைச் சிந்தினார்.

அவர்கள் போனதும் கேட்டேன்: "நான் சொல்லித் திரிஞ்சது உங்களுக்கு நோகேல்லையே?"

"பாதி உண்மைதானே பிளோறன்ஸ்" என்றார். பிறகு, "ஆனா நெட்டையனைப் பற்றிச் சொன்னது பிழை" என்றார்.

12 நவம்பர், ஞாயிறு

விடியவே மழை. பழக்கத்தில் எழும்பிவிட்டேன். கொட்வின் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி நித்திரை. ஃபோன் இரண்டு தரம் அடித்தது. தவராசா அண்ணைதான், கட்டாயம் எவனோ வரவில்லை. எடுக்கவில்லை.

தேத்தண்ணியோடு ஜன்னலடியில் நின்றேன். இந்தச் சேற்றில் இன்றைக்குக் கோல் காக்க யாரை விடுவார்கள் என்று யோசனை ஓடியது. கொட்வினைக் கேட்டால் உடனே சொல்லுவார். எழுப்பப் போய், தோளில் கையும் வைத்துவிட்டேன். மெல்ல எடுத்துக்கொண்டேன்.

தோற்கட்டும். பின்னேரம் கேட்டுக்கொள்ளலாம்.