வாசலில் வைத்த படம்

சாதெக்,
ஏழாம் மாதப் பௌர்ணமிக்கு மறுநாள்.

அன்பு மகள் தூய்க்கு,

அப்பா எழுதுவது. நீயும் குழந்தையும் புசானில் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. சாமந்தித் தொட்டிகளை மேட்டுக்கு மாற்றிவிட்டேன்.

நேற்று உன் மாமியார் வந்தார்கள். இறந்த தம் மகனின் படம் நம் வீட்டுப் பூசை மாடத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வந்தார்கள். வைத்துவிட்டேன் என்று உன்னிடம் போனில் சொன்னவன் நான்தானே.

வைக்கவில்லை, மகளே. வேற்று நாட்டுக்காரன், வேற்றுக் குலம். நம் முன்னோர் பக்கத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை. மாப்பிள்ளையின் படம் அலமாரியில் கிடந்தது. நேற்று நாதியற்ற ஆவிகளுக்கு வாசலில் கஞ்சியும் பொரியும் கரும்பும் படைத்தபோது, அவனுக்கும் ஒரு வாய் கிடைக்கட்டும் என்று தட்டோரம் சாத்திவைத்தேன். அதையே பெரிய தயவாக நினைத்தேன்.

தெருப் பிள்ளைகள் வழக்கம்போலப் பாய்ந்து கரும்பைப் பறித்ததில் படம் சேற்றில் கவிழ்ந்தது. அந்த நேரத்தில்தான் உன் மாமியார் காரைவிட்டு இறங்கினார்கள். கொரிய மொழி தெரியும் என்று கூட வந்த பக்கத்து வீட்டு லியென் ஏதோ சமாளிக்கப் பார்த்தாள். "விளக்க வேணாம்மா. எங்க ஊர்லயும் இன்னிக்கு இதேதான். யாருமில்லாதவங்களுக்குத்தான் வெளியில வைப்போம்" என்றார்களாம்.

படத்தை எடுத்துச் சட்டைக் கையால் துடைத்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. தேநீர் குடித்துவிட்டு, போனில் தங்கள் வீட்டுப் படையலைக் காட்டினார்கள். உன் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் உன் அம்மா.

"அம்மா சாவுக்குப் போக முடியலைன்னு உங்க பொண்ணு சாப்பிடாம கிடந்தா. அதான் சம்பந்தி அம்மாவுக்கும் சேர்த்துச் சோறு வைக்கிறேன். உங்க ஊர் மீன் குழம்பு எனக்குச் சரியா வர மாட்டேங்குது. பாவம், கோவிச்சுக்காம சாப்பிடுறாங்க" என்று லியென் மூலம் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

மாடத்தில் இடம் ஒதுக்கி, படத்தைத் தரும்படி கை நீட்டினேன். "அவன் என்கூட வரட்டும், அண்ணா" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்கள். 'அண்ணா' என்றுதான் சொன்னார்களா என்று லியெனிடம் இருமுறை கேட்டேன்.

இன்னொரு படம் அனுப்பச் சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் களைத்து வருவார்கள். காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடு. படத்தை நான் கேட்டதாகச் சொல்லாதே. அவர்களாக மனமிரங்கி ஒரு நாள் அவனை இங்கே அனுப்பினால், வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்.

உன் அப்பா,
கியெம்